அம்மா கேட்கமாட்டார் என்பதால்தானே?

கேள்வி: எனக்கு வயது 38. சென்னையில் தனியார் நிறுவனத்தில் வேலை. எதையும் தள்ளிப்போடுவது என் பிறவிக் குணமாகவே ஆகிவிட்டது. காலை ஐந்து மணிக்கு எழுவது, நடைப்பயிற்சி, தினம் பத்துப் பக்கம் வாசிப்பு என்று எத்தனையோ முறை ஆரம்பித்துவிட்டேன். ஒரு வாரம் தாண்டுவதில்லை. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். நான் 21-ஐத் தொட்டதே கிடையாது. போனில் இதற்கென்று மூன்று ஆப் வைத்திருக்கிறேன். லீவு போட்டு இரண்டு நாள் நேர மேலாண்மைப் பயிற்சிக்கும் போய் வந்தேன். ஆபீஸ் வேலை மட்டும் ஒருநாளும் நின்றதில்லை. வீட்டு விஷயங்கள்தான் தேங்கிக் கிடக்கின்றன. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா போன வருஷம் தவறிவிட்டார். பென்ஷனை அம்மா பெயருக்கு மாற்றும் வேலையைக்கூட இன்னும் முடிக்கவில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும், அது ஒரு பெரிய அலைச்சல். அம்மா பாவம், ஒன்றும் கேட்கமாட்டார். கும்பகோணத்தில் பக்கத்துத் தெருவிலேயே இருக்கும் தங்கை மருந்து, மளிகை எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். இந்தச் சோம்பலிலிருந்து நான் வெளியே வர ஒரு வழி சொல்லுங்கள்.
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நாலு பக்கம். ஐந்து மணி அலாரத்துக்கே ஒரு பக்கத்துக்கு மேல் போயிருக்கிறது. அம்மாவுக்குக் கிடைத்தது மூன்று வரி, அதுவும் போகிறபோக்கில். நான் அந்த மூன்று வரியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அலாரம் கடைசியில் வரும், இடம் இருந்தால்.

முதலில் ஒன்று. நீங்கள் சோம்பேறி கிடையாது. சோம்பேறிக்கு ஆபீஸ், வீடு என்ற பேதம் தெரியாது; இரண்டு இடத்திலும் அவன் படுத்துத்தான் கிடப்பான். உங்களுக்கோ ஆபீஸ் வேலை ஒருநாளும் நின்றதில்லை. அங்கே மேனேஜர் கேட்பார், மெயில் போடுவார், வருஷக் கடைசியில் இன்கிரிமெண்டில் கை வைப்பார். ஆகவே அங்கே எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. அம்மா கேட்கமாட்டார். ஆகவே ஒரு வருஷத்துக்கு மேலாக ஒன்றும் நடக்கவில்லை. வாய் திறந்து கேட்கிறவர்களுக்கு வேலை செய்கிறீர்கள், கேட்காதவர்களைக் காக்க வைக்கிறீர்கள். இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்து என்னிடம் மருந்து கேட்கிறீர்கள்.

தள்ளிப்போடும் பழக்கத்தைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் இப்படி ஒரு ஆள் ஒளிந்திருப்பார். கேட்காத மனைவி, கேட்காத மாமியார், கண் மங்கிப்போயும் வாய் திறக்காத அப்பா. எழுதுகிறவர் தன் குறையைப் பக்கம் பக்கமாக எழுதுவார். அந்தக் குறைக்கு விலை கொடுக்கிறவர் ஒரு ஓரத்தில் ‘பாவம்’ என்ற சொல்லோடு நிற்பார்.

‘அம்மா பாவம், ஒன்றும் கேட்கமாட்டார்’ என்று நல்ல குணத்தைச் சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். ஏன் கேட்கவில்லை என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? வாத்தியார் சம்பளத்தில் வீடு நடத்தியவர் அவர். ஒன்றாம் தேதி வந்தால் பால்காரருக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு, பிள்ளைகள் பீஸுக்கு இவ்வளவு என்று பிரித்து வைத்தவர். உங்கள் காலேஜ் பீஸும் அந்தக் கையிலிருந்துதான் வந்திருக்கும். அப்படிப்பட்டவர் இன்றைக்கு, ‘பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சும்மா’ என்று மகளிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் எத்தனை நாள் மாத்திரை போடாமல் இருந்தார் என்று தங்கையிடம் விசாரித்துப் பாருங்கள். கேட்காமல் இருப்பது அவர் சுபாவம் என்று நினைத்து நிம்மதியாக இருக்காதீர்கள். பிள்ளையிடம் இரண்டாவது தடவை கேட்க நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக முதல் தடவையே கேட்காமல் விட்டுவிடும் அம்மாக்கள் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு.

‘நான் மாசாமாசம் பணம் அனுப்பிவிடுகிறேனே’ என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள். அனுப்புங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் நீங்கள் அனுப்புவது உங்கள் பணம். குடும்ப ஓய்வூதியம் அவருடைய பணம். பேத்தி பிறந்தநாளுக்கு ஒரு பாவாடை எடுக்கவும், கோயிலில் ஒரு அர்ச்சனை சொல்லவும், உண்டியலில் பத்து ரூபாய் போடவும் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாத பணம். தன் கணவர் முப்பது வருஷம் வகுப்பில் நின்று சம்பாதித்து வைத்துவிட்டுப் போனது அது. வயதான பெண்ணுக்கு அந்த வீட்டில் தலை நிமிர்ந்து உட்கார வேறு பிடிமானம் கிடையாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அடுத்தது தங்கை. ‘பார்த்துக்கொள்கிறாள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அவள் இன்னொரு வீட்டுச் சமையலறையையும் சேர்த்துப் பார்க்கிறவள். அவள் மாப்பிள்ளை இதுவரை முகம் சுளிக்காதவர் என்றால் அது உங்கள் அதிர்ஷ்டம். மகள் அம்மாவைப் பார்த்துக்கொள்வது இயல்பு, அதை நான் குறை சொல்லவில்லை. ஒருத்தி சொல்லாமலே செய்கிறாள் என்பதால் எல்லாவற்றையும் அவள் தலையில் போட்டுவிட்டு, நீங்கள் சென்னையில் நேர மேலாண்மை படிக்கப் போனதைத்தான் சொல்கிறேன். அந்தப் பயிற்சிக்கு இரண்டு நாள் லீவு கிடைத்தது. பென்ஷன் வேலைக்காகப் போக வேண்டிய கும்பகோணம் கருவூலத்துக்கு ஒருநாள் கிடைக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து நீங்களே பாருங்கள்.

அப்பா போன துக்கத்தில் அந்தப் பேப்பர்களைத் தொடவே கை வரவில்லை என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லக்கூடும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். துக்கம் உண்மைதான். அதே துக்கம் அம்மாவுக்கும் உண்டு, உங்களைவிட அதிகமாகவே உண்டு. அவர் தினமும் எழுந்து அடுப்பு மூட்டுகிறார்.

சரி, ‘பெரிய அலைச்சல்’ என்றீர்களே, அது எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். அரசு ஓய்வூதியர் இறந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. தமிழக அரசுக் கணக்கில் பொதுவாக அது கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், அதற்கு மேல் அகவிலைப்படி. அப்பாவின் ஓய்வூதிய ஆணை, பி.பி.ஓ. என்பார்களே, அதை எடுத்துப் பாருங்கள். அதில் மனைவி பெயர் பெரும்பாலும் ஏறியே இருக்கும். ஏறியிருந்தால் குடும்ப ஓய்வூதியத்துக்கு வாரிசுச் சான்றிதழ் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. எதற்காக ஒரு வருஷமாகத் தயங்கினீர்களோ, அந்தப் பேப்பரே வேண்டியிருக்காது. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அப்பா பென்ஷன் வாங்கிய கருவூலத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ. புத்தகம், அம்மாவின் ஆதார், பான் கார்டு, பாஸ்புக், போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் அங்கேயே தருவார்கள். அப்பா இறந்ததற்கு மறுநாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையும் சேர்ந்து வரும், அந்தக் காசு எங்கும் போய்விடவில்லை. ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதி என்று ஒன்று மாசாமாசம் பிடித்திருப்பார்கள். அதிலிருந்து வரவேண்டிய தொகையையும் அதே மேஜையில் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இறந்த தகவல் கருவூலத்துக்குப் போகாமல் அப்பா கணக்கில் பென்ஷன் ஏறிக்கொண்டே இருந்திருந்தால், அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். பின்னால் அதைத் திரும்பப் பிடிப்பார்கள். அப்போது கஷ்டப்படப் போவதும் அம்மாதான்.

வாரிசுச் சான்றிதழ் பட்டா மாற்றவும், நாமினி போடாத பேங்க் கணக்குக்கும் வேண்டியிருக்கலாம். அதற்கு இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.யும் விசாரித்து அனுப்ப, தாசில்தார் கொடுப்பார். நாள் பிடிக்கும். ஆனால் நீங்கள் பதிந்தால்தான் அந்த நாளே தொடங்கும்.

இனி அந்த 21 நாள். அதை மறந்துவிடுங்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் கூட இருந்தவர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். சாப்பாட்டோடு ஒரு பழம், காலையில் கொஞ்சம் நடை, இப்படி ஆளுக்கு ஒரு சின்ன வேலை. 2009-ல் வெளியான அந்த ஆய்வில் பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம்; பன்னிரண்டு வாரத்தைத் தாண்டியதெல்லாம் அவர்கள் கணித்துச் சொன்னது. இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. நீங்கள் ஏழாம் நாள் விட்டதும், ‘போச்சு, அடுத்த ஒன்றாம் தேதி புதுசாக ஆரம்பிப்போம்’ என்று மூட்டை கட்டுகிறீர்கள். கெடுவது அங்கேதான். எட்டாம் நாள் எழுந்திருங்கள், போதும்.

ஃபியூஷியா சிரோயிஸ், திமோதி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013-ல் எழுதியதும் உங்களுக்குப் பொருந்தும். தள்ளிப்போடுகிறவருக்கு நேரத்தைக் கையாள்வதில் சிக்கல் அவ்வளவு இல்லை, அந்த வேலையை நினைத்தாலே வரும் சங்கடத்தைக் கையாள்வதில்தான் சிக்கல் என்கிறார்கள். அதைத் தள்ளி வைத்த நிமிஷம் மனசு லேசாகிறது. அந்த லேசுக்காகவே மறுபடி தள்ளுகிறோம். நீங்கள் ஒரு படி மேலே போய், அந்தச் சங்கடத்தை மறக்க ஆப் இறக்குகிறீர்கள், பயிற்சிக்குப் போகிறீர்கள், எனக்கு நாலு பக்கம் எழுதுகிறீர்கள். ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற திருப்தி கிடைத்துவிடுகிறது. அந்த மூன்று ஆப்பையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ‘சீக்கிரம் போகிறேன்’ என்பது பதில் ஆகாது. எந்த நாள், எந்த வண்டி, எத்தனை மணிக்கு எந்த வாசல் என்று சொன்னால்தான் வேலை நடக்கும். நாளைக் காலை ஆபீஸில் நுழைந்ததும், மெயில் திறப்பதற்கு முன், வாரநாளில் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுங்கள். சனி, ஞாயிறு கருவூலம் இருக்காது. அதனால்தான் உங்கள் வாரக்கடைசிப் பயணங்களில் இது ஒருபோதும் நடக்கவில்லை. சென்னையில் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகிற நேரத்துக்குக் கும்பகோணம். குளித்து, அம்மா கையால் காபி குடித்துவிட்டு, பீரோவிலிருந்து அப்பாவின் பையை அம்மாவையே எடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பேப்பர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பத்து மணிக்கு இரண்டு பேரும் கருவூல வாசலில் நிற்க வேண்டும். ஒரு பேப்பர் குறைந்தால் அதைத் தேட இரண்டாவது நாள் இருக்கிறது. கேஸ் எந்த செக்‌ஷனில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். முதல் பணம் பாஸ்புக்கில் ஏறும்வரை வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம், நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். தங்கையை அனுப்பக் கூடாது. உங்களுக்கு ஒரு நல்ல பழக்கம் வேண்டும் என்றால் இதில் ஆரம்பியுங்கள். ஐந்து மணி அலாரத்துக்கு அப்புறம் வருவோம்.

ஊரில் இருக்கும் அந்த இரண்டு நாளில் தங்கை வீட்டுக்கும் போக வேண்டும். அம்மாவுக்கு இதுவரை என்ன செலவாயிற்று என்று கேளுங்கள். ‘அதெல்லாம் எதுக்குண்ணா’ என்பாள். கணக்கு வைத்திருக்க மாட்டாள். மருந்துக் கடை பில்லாவது இருக்கும், உட்கார்ந்து கூட்டுங்கள். அம்மாவின் நிலுவைப் பணத்திலிருந்து எடுக்காமல், உங்கள் சம்பளத்திலிருந்து அந்தத் தொகையை மாப்பிள்ளை இருக்கும்போதே அவள் கையில் கொடுத்துவிட்டு வண்டி ஏறுங்கள்.