இங்கிலாந்துக் கிராமப்புறத்தை வரைந்த நவீன ஓவியர்களில் யாரிடமிருந்து தொடங்கலாம்?

பால் நாஷ் (1889–1946). யோசிக்கவே வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்து நிலக்காட்சி ஓவியர் கான்ஸ்டபிளின் வைக்கோல் வண்டியையும் ஓடையையும் பார்த்தபிறகு அந்த மண்ணில் வரைய இன்னும் என்ன மிச்சம் என்று கேட்டிருக்கிறீர்கள். நாஷிடம் வண்டியும் கிடையாது, ஆட்களும் அநேகமாகக் கிடையாது.

பாரிஸில் பொருட்களை வடிவத் துண்டுகளாக உடைத்து வரையும் க்யூபிசம் வந்தது, இங்கிலாந்துக்காரர்கள் தாமதமாகப் பின்னால் போனார்கள் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். நாஷைப் பொறுத்தவரை எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அவர் கையை மாற்றியது முதல் உலகப் போர். 1912 வாக்கில் விட்டன்ஹம் கிளம்ப்ஸ் என்ற, உச்சியில் தோப்பு வைத்த இரட்டைக் குன்றுகளை மென்மையாக வரைந்துகொண்டிருந்தவர் 1917-இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனைக்குப் போகிறார், பதுங்குகுழிக்குள் விழுந்து விலா எலும்பு முறிந்து ஊர் திரும்புகிறார், அடுத்த சில நாட்களிலேயே அவருடைய படைப்பிரிவில் பெரும்பாலானோர் ஒரு தாக்குதலில் மடிந்துவிடுகிறார்கள். அதே ஆண்டு போர் ஓவியராக மறுபடி அங்கே போனதன் விளைவுதான் 'நாம் ஒரு புதிய உலகைப் படைக்கிறோம்' (1918). குண்டு விழுந்து புரண்ட மண், மொட்டை மரங்கள், மேலே வெளிறிய சூரியன். பிணம் ஒன்றுகூட இல்லை, தேவையும் இல்லை.

இதைப் பார்த்துவிட்டுத்தான் அவருடைய இங்கிலாந்துப் படங்களுக்கு வரவேண்டும். டிம்சர்ச் என்ற கடற்கரை ஊரில் வரைந்த கடற்சுவர்கள் எனக்கு எப்போதும் போர் அரண்களாகவே தெரிகின்றன. 1933-இல் ஏவ்பரி என்ற ஊரின் புராதனப் பெருங்கற்களைப் பார்க்கிறார். அவற்றை அப்படியே வரையாமல், 1935-இல் வரைந்த படத்தில் ஓர் அறுவடை வயலில் உருளைகளையும் கட்டம்போட்ட பலகை ஒன்றையும் நிறுத்திவைக்கிறார், பின்னால் பழங்காலக் குன்றுக்கோட்டை. அந்தக் கற்கள் என்ன அர்த்தத்தில் நடப்பட்டன என்பது நமக்குப் பிடிபடாது, இந்த உருளைகளும் அப்படித்தான், ஆனால் இரண்டுமே அந்த நிலத்தில் கச்சிதமாகப் பொருந்துகின்றன. 1934-இல் வரைந்த இன்னொரு படத்தில் ஒரு டென்னிஸ் பந்தும் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையும் சுண்ணாம்பு மேட்டில் எதிரெதிரே நிற்கும். கனவில்போலப் பொருந்தாதவற்றைச் சேர்த்துவைக்கும் சர்ரியலிசம் என்பார்கள். எனக்கு அது கொஞ்சம் வலிந்து செய்ததாகத்தான் படுகிறது.

கடைசி ஆண்டுகளில் ஆஸ்துமா முற்றி, அதிகம் நடமாட முடியாமல், தோழி ஒருவரின் வீட்டிலிருந்து பைனாகுலரில் அதே இரட்டைக் குன்றுகளைப் பார்த்து வரைந்தார். 1943-இன் 'வசந்த சமஇரவு நிலக்காட்சி' அப்படி வந்தது, ஒரே வானத்தில் சூரியனும் நிலவும். அவருடையதில் ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் இதைப் பாருங்கள்.

அப்புறம் இன்னோர் இங்கிலாந்து ஓவியர், எரிக் ரவிலியஸ். நீர்வண்ணம், உலர்ந்த தூரிகைக் கோடுகள். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியின் ஜன்னல் வழியே குன்றுச்சரிவில் செதுக்கிய வெள்ளைக் குதிரை தெரியும் படம் (1940) பிரபலம். அழகாக இருப்பதாலேயே அவரை இலேசாக எடைபோடுகிறார்கள், அந்த ஆளில்லாத பெட்டியைச் சற்று நேரம் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். 1942-இல் ஐஸ்லாந்தில் விமானத்தோடு காணாமல் போனார், வயது 39.

ஐவன் ஹிச்சன்ஸை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1940-இல் லண்டன் வீட்டில் குண்டு விழ, சசெக்ஸ் காட்டில் ஒரு கேரவனில், அதாவது வண்டிவீட்டில், குடியேறி, அகலமான கித்தான்களில் குளத்தையும் மரங்களையும் வரைந்தவர். எடுத்த எடுப்பில் அவரிடம் போனால் வெறும் வண்ணப் பட்டைகள்தான் தெரியும்.