உங்கள் கைப்பிரதியை நீங்களே அடியுங்கள்

கேள்வி: கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது 63. எங்கள் பக்கத்துப் பாகப்பிரிவினை ஒன்றை வைத்து 480 பக்கத்துக்கு நாவல் எழுதியிருக்கிறேன். எல்லாம் நோட்டில், கையால். அதில் முதல் 112 பக்கத்தை அடித்து நான்கு பதிப்பகங்களுக்கு மின்னஞ்சல் செய்தேன். ஒருவர், ‘கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரிகிறது’ என்றார். இன்னொருவர், ‘பிழை திருத்தி அனுப்புங்கள்’ என்றார். மற்ற இருவரிடமிருந்தும் பதில் இல்லை. என்ன ஃபான்ட் வைக்க வேண்டும், வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, வேர்ட் கோப்பா பி.டி.எஃபா, தமிழில் இலக்கிய ஏஜென்ட் உண்டா என்று சொல்லுங்கள். மருமகள்தான் அடித்து, அவள் மெயிலிலிருந்தே அனுப்பித் தருகிறாள். பேறுகால விடுப்பில் வீட்டில்தான் இருக்கிறாள். குழந்தை தூங்கியதும் ராத்திரி பத்தரைக்கு மேல் உட்காருவாள். ஃபான்ட் மட்டும் நான் சொன்னது. எங்கள் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது, பார்க்க அழகாக இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ர, ற வித்தியாசம் தெரிவதில்லை. அதனால்தான் தட்டிக்கழிக்கிறார்களோ என்று தோன்றுகிறது. உங்கள் பார்வைக்கு என் கையெழுத்தில் இரண்டு பக்கமும், அதையே அவள் அடித்ததும் இணைத்திருக்கிறேன்.

— பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்:

ஐயா, ஃபான்ட், இடைவெளி எல்லாம் பிறகு. முதலில் அந்தப் பத்தரை மணியைப் பற்றிப் பேசுவோம்.

பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் குழந்தை தூங்கும் நேரம்தான் தூக்கம். அது மறுபடி எப்போது அழும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் உங்கள் மருமகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உங்கள் பக்கத்துப் பாகப்பிரிவினையை அடித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் வங்கிக்காரர், கணக்காகவே சொல்கிறேன். மணிக்கு நான்கு பக்கம் என்றாலும் 480 பக்கத்துக்கு 120 மணி நேரம். ராத்திரிக்கு ஒரு மணி நேரம் என்றால் 120 ராத்திரி. 2017இல் சட்டத்தைத் திருத்திப் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். அது தாயின் உடம்பு தேறவும், குழந்தை தாயிடம் பால் குடித்து வளரவும். ‘வீட்டில்தான் இருக்கிறாள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் சும்மா இல்லை. அந்த வீட்டில் இப்போது சும்மா இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

‘அவளாகத்தான் ஒத்துக்கொண்டாள்’ என்று சொல்வீர்கள். இப்படி எழுதுகிற எல்லா மாமனார்களும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். நம் வீடுகளில் மாமனார் கேட்டால் மருமகள் எப்படி மறுப்பாள்? ‘சரி மாமா’ என்பதைத் தவிர அவளுக்கு வேறு பதில் உண்டா? மறுக்க முடியாதவரிடம் கேட்பது உதவி கேட்பதாகாது, உத்தரவு போடுவதுதான். உங்கள் மகன் இந்தக் கடிதத்தில் ஒரு வரியில்கூட இல்லை. ராத்திரி அவர் ஏன் உட்கார்ந்து அடிக்கவில்லை? அவரிடம் கேட்கவே உங்களுக்குத் தோன்றவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சரி, இப்போது அந்தப் பக்கங்களுக்கு வருகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். அடித்த பிரதியில் ர, ற பிழை மூன்று. அதில் இரண்டு உங்கள் கையெழுத்திலேயே இருக்கின்றன. ‘வாய்க்காலில் இரங்கி நின்றான்’ என்று நீல மையில் தெளிவாக எழுதியிருப்பவர் நீங்கள். வாய்க்காலில் இறங்கத்தான் முடியும். நீங்கள் எழுதியதை மாற்றக் கூடாது என்று அவர் அப்படியே அடித்திருக்கிறார், பழி அவர் மேல் விழுந்திருக்கிறது. ஆங்கில எழுத்தாகத் தெரிந்ததும் அவர் குற்றமில்லை, அந்த ஃபான்ட் நீங்கள் சொன்னது.

இன்னொன்றும் பார்த்தேன். உங்கள் முதல் பக்கத்தில், ‘அம்மா போய் இந்த ஆடியோடு வருஷம் ஒன்று’ என்று வருகிறது. இரண்டாம் பக்கத்தில் பாகம் பிரிக்கிற அன்று பஞ்சாயத்தார் திண்ணையில் உட்கார, ‘அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள்’ என்று இருக்கிறது. அடித்த பிரதியில் அது ‘அத்தை மோர் கொண்டுவந்து வைத்தாள்’ என்று மாறியிருக்கிறது. செத்துப்போன அம்மா மோர் கொண்டுவருவதைக் கவனித்து, கதையில் ஏற்கெனவே இருக்கும் அத்தையைப் பொருத்தமாக அங்கே கொண்டுவந்து, உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார். சொன்னால் நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ என்ற பயமாக இருக்கும். பதிப்பகத்தில் சம்பளம் வாங்கும் ஆசிரியர் செய்கிற வேலை இது. இரண்டு பக்கத்தையும் எனக்கு அனுப்பிய நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை. அவர் அடித்ததை ஒருமுறைகூட முழுதாகப் படித்துப் பார்க்காமல்தான் நான்கு பதிப்பகங்களுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

இதனால்தான் சொல்கிறேன், மீதியை நீங்களே அடியுங்கள். அவருக்காக மட்டும் சொல்லவில்லை, நாவலுக்காகவும்தான். கையால் எழுதும்போது கதையின் வேகம் நம்மை இழுத்துக்கொண்டு போகும். அடிக்கும்போது ஒவ்வொரு சொல்லையும் மறுபடி தொட்டே ஆக வேண்டும். ‘இதை முந்தின பக்கத்திலேயே சொல்லிவிட்டோமே’ என்று விரல் தானாக நிற்கும். ஒரே ஆளைக் கோவிந்தசாமி என்றும் கோவிந்தன் என்றும் எழுதியிருப்பது அப்போதுதான் கண்ணில் படும். இரண்டாவது பிரதி உருவாகும் இடம் அது. அந்த வேலையை இன்னொருவர் தலையில் கட்டினால், பதிப்பாளர் கைக்குப் போவது உங்கள் முதல் பிரதிதான். ‘பிழை திருத்தி அனுப்புங்கள்’ என்று ஒருவர் எழுதினாரே, அவர் எழுத்துப்பிழையை மட்டும் சொல்லியிருக்க மாட்டார்.

உங்களால் முடியும். தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற அமைப்பு அது, இப்போதைய விண்டோஸ் கணினிகளிலேயே இருக்கிறது. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கு தட்டுதான், நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஒரு வாரம் தடுமாறுவீர்கள், அப்புறம் விரல் பழகிவிடும். காலையில் இரண்டு மணி நேரம், நாளைக்கு ஆறு பக்கம் என்று வையுங்கள். மிச்சமிருக்கும் 368 பக்கம் இரண்டு மாதத்தில் முடியும். விரல் வலித்தால் போனில் வாயால் சொல்லியும் ஏற்றலாம். ஆனால் தஞ்சாவூர்ப் பேச்சு வழக்கை அது தன் இஷ்டத்துக்கு மாற்றும், நிறுத்தக்குறியை நம்ப முடியாது, எப்படியும் நீங்கள் உட்கார்ந்து திருத்த வேண்டும். அதுவும் முடியாது என்றால் டி.டி.பி. கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கூலி கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். கூலி வாங்குகிறவர் முடியாத நாளில் முடியாது என்று சொல்லலாம், மருமகளால் அது முடியாது.

இனி நீங்கள் கேட்டவை.

ஃபான்ட் எதுவானாலும் யுனிகோடாக, அதாவது எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழாகவே தெரியும் முறையில், இருக்கட்டும். விண்டோஸில் வரும் லதாவோ நிர்மலாவோ போதும். உங்கள் ஆபீஸ் ஃபான்ட் பழைய வகை, ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தது. அதே ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். அந்தப் பதிப்பாளர் பார்த்தது அதைத்தான். தமிழ்நாடு அரசே 2010இல் யுனிகோடை ஏற்று ஆணை போட்டாயிற்று. அடித்த 112 பக்கத்தை மறுபடி அடிக்க வேண்டாம், பழைய ஃபான்டை யுனிகோடாக மாற்றும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மாற்றிய பிறகு மேற்கோள் குறிகள் சிதறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஏ4 பக்கம், நாலு பக்கமும் ஒரு அங்குல ஓரம், எழுத்து 12 புள்ளி, வரிக்கு ஒன்றரை இடைவெளி. பத்தி தொடங்க ஸ்பேஸ் பாரைத் தட்டித் தள்ளாதீர்கள், வேர்டிலேயே பத்தி உள்தள்ளும் வசதி இருக்கிறது. அடுத்த அத்தியாயத்துக்குப் போக என்டரைத் தட்டிக்கொண்டே போகாமல் பேஜ் பிரேக் போடுங்கள். தட்டித் தள்ளிய வெற்றிடங்களை ஒவ்வொன்றாக அழிப்பது பக்கம் வடிவமைப்பவருக்குப் பெரிய தலைவலி. பக்க எண் கட்டாயம். முதல் பக்கத்தில் தலைப்பு, உங்கள் பெயர், அஞ்சல் முகவரி, போன் எண், சுமார் எத்தனை சொற்கள் என்ற கணக்கு. உங்களுடையது பக்கத்துக்கு 200 சொல் வீதம் 96,000 வரும். பூ வேலைப்பாடு, கலர் எழுத்து, அட்டைப்படம், உங்கள் போட்டோ, முன்னாள் எம்.எல்.ஏ. கொடுத்த அணிந்துரை எதுவும் வேண்டாம். வேர்ட் கோப்பும் பி.டி.எஃபும் இரண்டுமே அனுப்புங்கள். பதிப்பாளர் வேலை செய்ய வேர்ட், உங்கள் கணினியில் எப்படித் தெரிந்தது என்று சரிபார்க்கப் பி.டி.எஃப்.

பத்திரிகைகள் கைப்பிரதி வாங்கிய காலத்தில் தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதச் சொன்னார்கள், இடப்பக்கம் ஓரம் விடச் சொன்னார்கள், தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறை வைக்கச் சொன்னார்கள். அச்சுக்கோப்பவர் தாளைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது, ஆசிரியர் திருத்தம் எழுத இடம் வேண்டும், திருப்பி அனுப்பும் செலவு அவர்கள் தலையில் விழக் கூடாது. முகம் தெரியாத ஒருவரின் கண்ணும் கையும் சிரமப்படக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும். இன்றைக்குக் கேட்கிற ஓரமும் இடைவெளியும் அதே காரணத்துக்குத்தான். பதிப்பாளரின் கண்ணைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்கத் தெரிந்த உங்களுக்கு, அடுத்த அறையில் ராத்திரி விழித்திருக்கும் கண்களைப் பற்றித் தோன்றாமல் போனது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கோப்போடு ஒரு கடிதம், பத்து வரிக்கு மிகாமல். நாவல் எதைப் பற்றியது, எந்தக் காலம், எந்த ஊர், நீங்கள் யார். தனியாக ஒரு பக்கத்தில் கதைச்சுருக்கம், முடிவையும் சேர்த்து. ‘முடிவைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்’ என்று பதிப்பாளரிடம் ஒளிக்கக் கூடாது. சொந்தக் கற்பனை, தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல, வேறு எங்கும் பரிசீலனையில் இல்லை என்ற உறுதிமொழி ஒன்று. வேறு இடத்திலும் அனுப்பியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எழுத்தாளருக்காகப் பதிப்பாளரிடம் பேசி நூலை விற்றுத் தருகிற ஏஜென்ட் என்பது ஆங்கிலப் பதிப்புலகத்தின் ஏற்பாடு. தமிழில் எழுதுகிறவர் நேராகப் பதிப்பாளருக்கு அனுப்புவதுதான் வழக்கம். ஆங்கிலத்தில் ஏஜென்டுகள் புத்தகத்துக்காக எழுத்தாளருக்கு வரும் தொகையில் ஒரு பங்கு, பொதுவாக 15 சதவீதம், எடுத்துக்கொள்வார்கள். கைப்பிரதியைப் படிக்கவே முன்பணம் கேட்கிறவர் ஏஜென்ட் அல்ல. ஓய்வூதியப் பணத்தை அப்படி யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

இன்று ராத்திரி மகன் இருக்கும்போது, அவர் முன்னாலேயே மருமகளிடம், ‘இனிமேல் நான் அடித்துக்கொள்கிறேன்மா, நீ தூங்கு’ என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். மனைவி மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். கேட்டது நீங்கள், விடுவிக்க வேண்டியதும் நீங்கள்தான். அந்த மோர் வரியைப் பார்த்துவிட்டேன் என்றும் சொல்லுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், தாத்தாவுக்கு இருக்கும் கடமை அது. அவர் வேலைக்குத் திரும்பி, வீடு ஒரு ஒழுங்குக்கு வந்த பிறகு, அச்செடுத்த பிரதியை அவரிடம் கொடுத்துப் படிக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது என்றால் முகம் சுளிக்காதீர்கள்.

பதில் சொல்லாத அந்த இரண்டு பதிப்பகங்களும் சிதைந்த கோப்பைத்தான் வைத்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்து, ‘நான் அனுப்பிய கோப்பில் எழுத்துரு பிழை இருந்தது, அதைப் பரிசீலிக்க வேண்டாம், முழு நாவலையும் திருத்தி அனுப்புகிறேன்’ என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். தமிழ்99இல் நீங்கள் முதலில் அடிக்க வேண்டியது அந்தக் கடிதம்தான்.