அந்த மேடத்திடம் ஏன் பொய் சொன்னீர்கள்?

கேள்வி: சென்னிமலைப் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. வீட்டோடு நாலு தறி ஓடுகிறது. மகனுக்கு 19 வயது. பிளஸ் டூவில் மார்க் குறைந்ததால் ஈரோட்டில் ஒரு சமுதாயக் கல்லூரியில் டிப்ளமோ சேர்த்தோம். ஆரம்பத்தில் ஒழுங்காகப் போனான். இப்போது இரண்டு மாதமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. ராத்திரி முழுக்கத் தூங்குவதில்லை, குளிப்பதில்லை, ஒரு வேளைதான் சாப்பிடுகிறான். பவானி கூடுதுறையில் பரிகாரம் செய்தாயிற்று. "தறி ஓட்டினா எல்லாம் சரியாப் போயிரும்" என்கிறார் அவன் அப்பா. கல்லூரியிலிருந்து ஒரு மேடம் மூன்று தடவை போன் செய்தார், மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டேன். அவன் அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெளியே தெரிந்தால் பேச்சாகிவிடும். அவனை மறுபடி கல்லூரிக்கு அனுப்ப ஒரு வழி சொல்லுங்கள்.
- ஒரு தாய், ஈரோடு மாவட்டம்

பதில்: அம்மிணி, அந்த மேடம் மூன்று தடவை போன் செய்தார் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே வரனுக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

இந்தக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்கள் பலர் தொகுப்பூதியத்துக்கு வேலை பார்ப்பவர்கள். ஒரு பையன் வராவிட்டால் பெயரை அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. அவர் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார் என்றால் வகுப்பில் எதையோ கவனித்திருக்கிறார். இரண்டு மாதத்தில் உங்கள் மகனைத் தேடி வந்தவர் என்று உங்கள் கடிதத்தில் வேறு யாருமே இல்லை. மாமன்காரன் பெயரைக்கூடக் காணோம். வந்த ஒருத்தரையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு என்னிடம் வழி கேட்கிறீர்கள்.

அதுவும் ஏன் மஞ்சள் காமாலை? எனக்கு வருகிற கடிதங்களில் டைபாய்டு உண்டு, அல்சர் உண்டு, கால் பிசகு உண்டு. பையனுக்கு மனசு சரியில்லை என்பது மட்டும் கிடையாது. காமாலை என்றால் கௌரவமான நோய். கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள், ஒரம்பரையெல்லாம் இளநீரோடு வந்து நிற்பார்கள். அந்த மரியாதை இவன் நோய்க்குக் கிடைக்காது என்று ஊர் இன்னும் சொல்லவில்லை, நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டீர்கள். தறி ஓடுகிற வீட்டில் போனில் கத்தித்தான் பேச வேண்டும். அறைக்குள் படுத்திருந்தவன் காதில் அது விழவில்லையா? மூன்று தடவையும் கேட்டிருப்பான். தனக்கு வந்திருப்பதைப் பெற்ற தாயே வெளியே சொல்லக் கூசுகிறாள் என்று தெரிந்துகொண்டிருப்பான்.

அவனுக்கு வந்திருப்பது என்ன என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன், அது டாக்டர் வேலை. ஆனால் இரண்டு மாதம் தூக்கமும் குளியலும் இல்லாமல் கிடப்பது சோம்பேறித்தனம் இல்லை. மனநோய்களில் பெரும்பாலானவை தலைகாட்டுவது இருபத்தைந்து வயதுக்குள்தான்.

முதலில் அவனிடம் போய் உட்காருங்கள். "மேடத்துக்கிட்ட நான் பொய் சொன்னது தப்பு சாமி, இப்ப உண்மையைச் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். 19 வயது ஆண்பிள்ளை, அவனைக் கேட்காமல் சொல்லக் கூடாது. இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "செத்துப் போயிரலாம்னு தோணுதா கண்ணு?" கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள், அப்படி வராது. ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அதுவரை அவனைத் தனியாக விடாதீர்கள். பயிருக்கு அடிக்கிற மருந்து வீட்டிலோ தோட்டத்திலோ இருந்தால் அதற்கு முன்பே பூட்டி வையுங்கள். நடுராத்திரியில் கை கால் ஓடாவிட்டால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

ஆஸ்பத்திரிக்கு எங்கேயோ அலைய வேண்டாம். பக்கத்திலேயே பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டுப் போடுங்கள். அவன் அப்பாவும் கூட வர வேண்டும். "பாவு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார். விடாதீர்கள். மகனைத் தறியில் நிறுத்த நினைக்கிறவர், அவனுக்காக ஒரு நாள் தறியை நிறுத்தட்டும். மாத்திரை கொடுத்தால் குணம் தெரியச் சில வாரம் ஆகும். பத்து நாளில் ஒன்றும் ஆகவில்லை என்று தூக்கிப் போடுவதும், கொஞ்சம் தேறியதும் நீங்களாக நிறுத்துவதும் கூடாது. கூடுதுறைக்குப் போனதை நான் குறை சொல்லவில்லை. போய்விட்டு வந்தபின் டாக்டரிடமும் போயிருக்கலாம்.

மேடத்துக்கு வருகிறேன். "காமாலை இல்லீங்க மேடம், பையன் மனசு சரியில்லாமக் கெடக்கறான்" என்றால் போதும், கதை வேண்டாம். வருகைப்பதிவு எவ்வளவு குறைந்திருக்கிறது, மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் பரீட்சை எழுத விடுவார்களா, இல்லையென்றால் அடுத்த வருஷம் தொடர இடம் உண்டா என்று கேளுங்கள். உங்கள் காமாலைக்குச் சான்றிதழ் எங்கே வாங்குவதாக இருந்தீர்கள்? மனநல மருத்துவர் தருவதும் சான்றிதழ்தான். கல்லூரியில் ஆலோசகர் யார் என்றும் கேளுங்கள். 100 பேரோ அதற்கு மேலோ படிக்கிற இடத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், சின்ன இடமென்றால் வெளியே ஒருவரோடு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. படிப்பு விட்டுப்போனவர்களுக்கும் மார்க் குறைந்தவர்களுக்கும் என்றே 1990-களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் தொடங்கியவை இந்தச் சமுதாயக் கல்லூரிகள். இவனை மாதிரிப் பையன் அவர்களுக்குப் புதிதில்லை. ஆனால் டாக்டரைப் பார்க்கும் முன்னால் அவனைப் பஸ் ஏற்றி அனுப்பாதீர்கள்.

அப்புறம் வரன். டாக்டரிடம் போனது ஊருக்குத் தெரியாது, நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே இருக்கிறது. ஆனால் மகனை அறைக்குள் போட்டு வைத்துவிட்டு மகளுக்குச் சீர் வரிசை பேசுகிற வீட்டை நான் நல்ல வீடு என்று சொல்ல மாட்டேன். கூடப்பிறந்தவன் தேறி, பந்தலில் நின்று செய்ய வேண்டியதைச் செய்யட்டும். ஆறு மாதம் தள்ளினால் முகூர்த்தம் தீர்ந்தா போய்விடும்? இதையெல்லாம் உங்கள் மகளிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அவள் பேச்சு ஒரு வரிகூட இல்லை. இன்றைக்கே கேளுங்கள்.

மேடத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுங்கள், வகுப்பில் இருந்தால் எடுக்க மாட்டார். தறியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.