வேலை நேரத்துக்குக் கையொப்பமிடும் முன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் உள்ள ஓர் உணவகத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். 22 ஊழியர்கள் மூன்று ஷிப்டுகளில் வேலை செய்கிறார்கள். மாதக் கடைசி நாளில் எல்லாருடைய வேலை நேரப் பட்டியலும் மொத்தமாக என்னிடம் வரும். அன்று மாலைக்குள் ஒப்புதல் அளித்துச் சம்பளப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். மூன்று வாரங்களுக்கு முன் யார் எப்போது கிளம்பினார் என்பது எனக்கு எப்படி நினைவிருக்கும்? எதைப் பார்த்துக் கையொப்பமிடுவது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: மூன்று வாரங்களுக்கு முந்தைய நாளுக்கு இன்று கையொப்பமிடும் வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். இன்னார் இத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதை நான் அறிவேன் என்று எழுதிக் கொடுப்பதே ஒப்புதல். அறியாததை அறிந்ததாக எழுதும் நிலைக்கு உங்களைக் கொண்டுவந்திருப்பது எல்லாவற்றையும் மாதக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கும் ஏற்பாடுதான். நாள்தோறும் வேலைக்கு வந்ததும் முதல் கால் மணி நேரத்தில், முந்தைய நாளின் வருகைப் பதிவை ரோஸ்டரோடு (யாருக்கு எப்போது வேலை என்ற அட்டவணையோடு) ஒப்பிட்டு முடித்துவிடுங்கள். பெரும்பாலானோரின் நேரம் ஒத்துப்போகும். வந்த நேரம் பதிவாகிப் போன நேரம் பதிவாகாதது, ஒருவருடைய ஷிப்டுக்கு இன்னொருவர் வந்தது, கடை சாத்திய பிறகும் சமையற்கூடத்தைக் கழுவி முடிக்க இருவர் நின்றது போன்ற ஒத்துப்போகாத சிலவற்றை மட்டும் உரியவரிடம் கேட்டு, காரணத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள். நேற்று நடந்ததைப் பற்றி இருவருக்கும் பெரும்பாலும் ஒரே நினைவு இருக்கும். மாதக் கடைசியில் அதுவே சச்சரவாகிவிடும்.

உங்களைப் போன்ற உணவகங்களில் அதிகம் தவறுவது நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட். மாலை 6 மணிக்கு வந்து அதிகாலை 2 மணிக்குப் போகிறவரின் நேரத்தைச் சில மென்பொருள்கள் தேதி வாரியாகப் பிரித்து, முதல் நாளில் போன நேரம் இல்லை என்றும் மறுநாளில் வந்த நேரம் இல்லை என்றும் காட்டும். முழுதாக வேலை செய்தவர் இரண்டு நாளும் குறை வைத்தவராகத் தெரிவார். ஷிப்ட் தொடங்கிய தேதியிலேயே முழு நேரமும் சேரும்படி மென்பொருளை அமைத்துத் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது சாப்பாட்டு இடைவேளை. பல நிறுவனங்களில் அது தானாகவே கழிக்கப்படுகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் கூட்டம் நெருக்கும்போது பந்தி பரிமாறுகிறவர் உட்கார்ந்து சாப்பிட்டாரா என்பது இயந்திரத்துக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். எடுக்காத இடைவேளையைக் கழித்துக் கையொப்பமிடுவது ஒருவர் உழைத்த நேரத்தை இல்லை என்று சொல்வதாகும். மேலும், சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டப்படி இடைவேளையின்றி 6 மணி நேரத்துக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது; இடைவிடாது நடக்க வேண்டிய வேலையானால் 8 மணி நேரம் வரை போகலாம், ஆனால் அதற்குள் சாப்பிட 45 நிமிடமாவது தர வேண்டும்.

வார எல்லையையும் மனத்தில் வையுங்கள். வழக்கமான வரம்பு வாரம் 44 மணி நேரம். ஷிப்ட் ஊழியர், தாம் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால், ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்றாலும், தொடர்ச்சியான மூன்று வாரங்களின் சராசரி அந்த 44-ஐத் தாண்டக் கூடாது; தாண்டினால் அது ஓவர்டைம். மாதக் கணக்கு இந்த மூன்று வாரங்களை நடுவில் வெட்டிவிடுவதால், பட்டியலை மாதமாக மட்டும் பார்க்கிறவர் கண்ணில் ஓவர்டைம் படாமலே போகலாம்.

சில நிமிடங்கள்தானே என்று விடுவதும் சரியல்ல. மாதம் 1,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அடிப்படைச் சம்பளம் பெறுபவரின் ஒரு மணி நேர விகிதம், 12 மாதச் சம்பளத்தை 52 வாரம், 44 மணி என்ற பெருக்குத்தொகையால் வகுக்க, சுமார் 9.44 வெள்ளி, ஒன்றரை மடங்கு ஓவர்டைம் 14.16 வெள்ளி. வரம்புக்கு மேல் நாளொன்றுக்கு 20 நிமிடம் வீதம் 26 நாள் விடுபட்டால் அவர் இழப்பது 122 வெள்ளிக்கும் மேல். ஊருக்குப் பணம் அனுப்புகிற ஒருவருக்கு அது சிறிய தொகை அல்ல.

கேள்வி: துப்புரவு நிறுவனம் ஒன்றில் குழுத் தலைவராக இருக்கிறேன். ஓய்வு நாளில் வேலை செய்தவருக்கு ஒரு நாள் சம்பளமா, இரண்டு நாள் சம்பளமா என்று ஒவ்வொரு முறையும் குழப்பம் வருகிறது.

பதில்: விடை யார் கேட்டுக்கொண்டார் என்பதைப் பொறுத்தது. வழக்கமான ஒரு நாள் நேரத்தில் பாதிக்கு மேல் ஒருவர் ஓய்வு நாளில் வேலை செய்தால், முதலாளி அழைத்து வந்தவருக்கு இரண்டு நாள் சம்பளம். தாமே விரும்பிக் கேட்டு வந்தவருக்கு ஒரு நாள் சம்பளம். பாதி நேரம் அல்லது அதற்குக் குறைவாக வேலை செய்தால் முறையே ஒரு நாள், அரை நாள். 1,800 வெள்ளி வாங்கி வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 69.23 வெள்ளி. ஒப்புதல் படிவத்தில் நீங்கள் எழுதும் ஒரே ஒரு சொல், அவருக்கு 138.46 வெள்ளியா 69.23 வெள்ளியா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

ஆகவே வேலை தொடங்கும் முன்பே, அழைத்தது யார் என்பதைக் குறுஞ்செய்தியாகவேனும் பதிந்துகொள்ளுங்கள். ஆள் குறைவாக இருக்கிறது, வர முடியுமா என்று நீங்கள் தொலைபேசியில் கேட்டு, அவர் சரி என்று வந்திருந்தால் அது நிறுவனம் அழைத்ததுதான். சரி என்று சொன்னதையே அவர் விருப்பமாக எழுதுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன், அது தவறு. ஷிப்ட் ஊழியருக்கு ஓய்வு நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்றில்லாமல், தொடர்ச்சியான 30 மணி நேரமாக அமையலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இந்த வேலை நேர, ஓய்வு நாள் விதிகள் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேற்படாத உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும், 2,600 வெள்ளிக்கு மேற்படாத மற்ற ஊழியர்களுக்கும் உரியவை; மேலாளர்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: வேலை முடிந்து போகும்போது இயந்திரத்தில் விரல் வைக்க மறந்துவிட்டேன். அன்றைய நாளையே மேற்பார்வையாளர் நீக்கிவிட்டார். இது முறையா?

பதில்: முறையல்ல. வேலைக்கு வராத நேரத்துக்குச் சம்பளத்தைக் கழிக்கலாம். வேலை செய்ததைப் பதியத் தவறியதற்கு அந்த நாளையே கழிக்க முடியாது. உங்களோடு அதே ஷிப்டில் இருந்தவர் பெயர், அன்று நீங்கள் செய்த வேலை, கிளம்பிய நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு இன்றே எழுத்தில் திருத்தம் கேளுங்கள். 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு தருவது கட்டாயம். ஓவர்டைம் இருந்தால் எத்தனை மணி நேரம், எந்தக் காலத்துக்கு, எவ்வளவு தொகை என்பது அதில் இருக்க வேண்டும். மாதச் சம்பளம் சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள்ளும், ஓவர்டைம் தொகை 14 நாளுக்குள்ளும் வர வேண்டும். வேலையில் இருக்கும்போது, பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் கோரிக்கை பதியலாம். வேலையை விட்டுவிட்டால் அவகாசம் ஆறு மாதம் மட்டுமே. எனவே சீட்டுகளையும் உங்கள் குறிப்பேட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.