கையால் ஓட்டினால் ஓடுகிறது, க்ரானில் ஓடவில்லை

ராணிப்பேட்டை தோல் கம்பெனி சர்வரை உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) 22.04-லிருந்து 24.04-க்கு மாற்றிய பிறகு, குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் க்ரான் வழியாக நடக்கும் இரவு 2 மணி பேக்கப் மட்டும் அமேசானின் இணையச் சேமிப்பான எஸ்3-க்குப் போவதில்லை, கையால் ஓட்டினால் போகிறது என்கிறீர்கள். எஸ்3-க்கு அனுப்பும் ஏடபிள்யூஎஸ் கட்டளை காணாமல் போய், ஸ்நாப்பில் (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் இன்னொரு வழி) திரும்பப் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான் இருக்கும்.

24.04-இன் ஆப்ட்டில் (உபுண்டுவின் வழக்கமான மென்பொருள் நிறுவி) அந்தக் கட்டளைக்கான பேக்கேஜே கிடையாது. ஸ்நாப்பில் போட்டால் அது ஸ்நாப்பின் சொந்த 'பின்' ஃபோல்டரில் போய் உட்காரும். டெர்மினலுக்கு அந்த இடம் தெரியும். க்ரானோ தன் பாத்தில் (கட்டளைகளைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல்) இருக்கும் இரண்டொரு ஃபோல்டரைத் தாண்டித் தேடாது. ஒரு கட்டளை எங்கே இருக்கிறது என்று காட்டும் 'விச்' கட்டளை கொடுத்து ஏடபிள்யூஎஸ்-இன் முழுப் பாதையை எடுத்து, பேக்கப் ஸ்கிரிப்ட்டில் அதன் வெறும் பெயர் இருக்கும் இடத்திலெல்லாம் அதையே எழுதுங்கள்.

அப்புறம், க்ரான் வரியின் கடைசியில் வெளியீட்டை 'நல்'லுக்கு (வருவதையெல்லாம் தூக்கி எறியும் இடம்) அனுப்பியிருந்தால் அதை எடுத்துவிட்டு ஒரு லாக் கோப்புக்குத் திருப்புங்கள். காட்பாடியில் எனக்கும் இதே கூத்து நடந்தது. மூன்று நாள் மின்வெட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். லாகைத் திறந்தால் 'நாட் ஃபவுண்ட்' என்று ஒரே வரி!

இரவு வரை காத்திருக்க வேண்டாம், க்ரான் வரியில் நேரத்தை இப்போதிலிருந்து ஐந்து நிமிடம் தள்ளி வைத்துப் பாருங்கள். அப்போதும் போகவில்லை என்றால் லாகின் கடைசி வரியைப் போடுங்கள்.