நெட்வொர்க் கேபிள் டெஸ்டர் எதை வாங்குவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நல்ல கேபிள் டெஸ்டர் ஒன்று சொல்லுங்கள், விலை குறைவாக. (கொட்டாஞ்சேனை)

எதற்கு? வீட்டில் ஒரே ஒரு கேபிளா, நாற்பது மேசை போட்ட அலுவலகமா? பழைய கேபிளில் பிழை தேடவா, புதிதாக இழுத்ததைச் சரிபார்க்கவா? இதில் ஒன்றையும் எழுதாமல் ‘நல்லது’ கேட்டால் புறக்கோட்டைக் கடைக்காரர் தன்னிடம் மிஞ்சிக் கிடப்பதைக் கட்டிக் கொடுப்பார். விவரத்தோடு திரும்ப எழுதுங்கள்.

டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறது, கேபிளில் பிழையே இல்லை என்கிறார் வயர் இழுத்தவர். பெரிய ஃபைல் அனுப்பினால் மட்டும் இழுபடுகிறது. கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சை மாற்றலாமா? (வெள்ளவத்தை)

மாற்றாதீர்கள். இதே கடிதம் வேறு வேறு பெயரில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ‘விளக்கு எரியுது, காசைத் தாங்க’ என்று போகிறவர்களை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. அந்த மலிவு டெஸ்டர் சொல்வது ஒன்றுதான்: இந்தப் பக்கத்து பிளக்கின் 1ஆம் பின் (உலோகத் தொடுமுனை) அந்தப் பக்கத்து 1ஆம் பின்னுக்குப் போகிறது. எந்தக் கம்பி எதனோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

நீங்கள் அனுப்பிய படத்தில் பிளக்கைப் பாருங்கள். செம்மஞ்சள் சோடி, பச்சைச் சோடி, நீலச் சோடி, மண்ணிறச் சோடி என்று வரிசையாக அடுக்கியிருக்கிறார். பார்க்க அழகுதான். ஆனால் இந்தக் கேபிளில் ஓடும் ஈதர்நெட் 3ஆம் பின்னையும் 6ஆம் பின்னையும் ஒரு சோடியாக எடுக்கிறது. உங்கள் பிளக்கில் 3இல் இருப்பது பச்சைச் சோடியின் கம்பி, 6இல் இருப்பது நீலச் சோடியின் கம்பி. ஒன்றோடொன்று முறுக்காத இரண்டு கம்பிகள் ஒரு சிக்னலைச் சுமந்தால் பக்கத்துச் சோடியின் இரைச்சல் அதில் ஏறத்தான் செய்யும். இரண்டு முனையிலும் அதே பிழை என்பதால் விளக்குகள் மட்டும் ஒழுங்காக எரியும்.

இரண்டு பிளக்கையும் வெட்டி எறிந்துவிட்டு 568பி என்ற நிற வரிசை முறையில் போடுங்கள்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். பிளக் ஓரத்தில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம். டெஸ்டர் வாங்குவதானால் ‘ஸ்பிளிட் பெயர்’ (split pair, இப்படிச் சோடி பிரிந்த பிழை) கண்டுபிடிக்கும் என்று தெளிவாகப் போட்டிருப்பதை வாங்குங்கள். அந்த வசதி இல்லாததை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

சீலிங்குக்குள் எங்கோ கேபிள் அறுந்திருக்கிறது. எல்லாத் தகட்டையும் கழற்றாமல் எப்படித் தேடுவது? (கொள்ளுப்பிட்டி)

நீளம் காட்டும் டிடிஆர் டெஸ்டர் வேண்டும். சிக்னல் அறுந்த இடத்தில் பட்டுத் திரும்பிவர எடுக்கும் நேரத்தை வைத்து அது தூரம் சொல்லும். கேபிளுக்குள் சிக்னல் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ எழுபது வீதத்தில்தான் ஓடும். என்விபி என்ற அந்த எண்ணைச் சரியாகப் போடாவிட்டால் 40 மீற்றரில் இருக்கும் முறிவுக்கு 44ஆவது மீற்றரில் தகடு கழற்றிக்கொண்டு நிற்பீர்கள். நீளம் தெரிந்த அதே ரகக் கேபிளை, 20 மீற்றருக்குக் குறையாமல், முதலில் அளந்து எண்ணைத் திருத்துங்கள். அப்புறம் இரு முனையிலிருந்தும் அளந்து கூட்டிப் பாருங்கள், மொத்த நீளம் வரவேண்டும்.

அளக்குமுன் சுவிட்சிலிருந்து கழற்றுங்கள். பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரமும் அனுப்பும் முறை) வருகிற வயரில் மாட்டினால் 48 வோல்ட் டெஸ்டரைக் கருக்கிவிடலாம்.

கேபிளை அடையாளம் காணச் சத்தம் அனுப்பும் டோனரை மாட்டினால், அந்தச் சத்தம் ஒன்றாகக் கட்டியுள்ள எல்லாக் கேபிளிலும் கேட்கிறது. (பம்பலப்பிட்டி)

சுவிட்சிலிருந்து கழற்றினீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள். பிறகும் கேட்டால் ஒவ்வொரு கேபிளாகக் கட்டிலிருந்து விலக்கிப் பாருங்கள், உச்சமாகச் சத்தம் வருவதுதான் உங்களுடையது.

மலிவாக ஒரு பெட்டி கேட் 5ஈ கேபிள் கிடைத்தது. உள்ளே செம்புதானா? (தெஹிவளை)

மல்டிமீற்றர் போதும். 305 மீற்றர் பெட்டியின் இரு முனையையும் வெளியே எடுங்கள். ஒரு முனையில் ஒரு சோடியின் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கி, மறுமுனையில் ஓம் பாருங்கள். செம்பானால் 50 சொச்சம் காட்டும். 80 பக்கம் போனால் அது செம்பு பூசிய அலுமினியம். கத்தியால் சுரண்டினாலும் உள்ளே வெள்ளையாகத் தெரியும். பிஓஇ கமராவுக்கு அதை இழுக்கவே வேண்டாம், கடையில் திருப்பிக் கொடுங்கள்.

எங்கள் சிறு நிறுவனத்துக்குச் கேபிளை அளந்து சான்றிதழ் தரும் ஃபுளூக் கம்பனி மெஷின் தேவையா? (மருதானை)

டெண்டரில் கேட்டால் மட்டும். விலை பல இலட்சம், அதோடு வருடாவருடம் அளவுத்திருத்தத்துக்கும் அனுப்பவேண்டும். அந்த ஒரு வேலையை மட்டும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.