பயோடெக் எடுக்கலாமா? தண்டையார்பேட்டை அம்மா ஒருவருக்குப் பதில்

அம்மா, உயிரியல்-கணிதம் எடுத்த உங்கள் மகள் பயோடெக்தான் (உயிரித் தொழில்நுட்பம்) வேண்டும் என்கிறாள். சொந்தக்காரர்களோ "வேலையும் கிடைக்காது, நாள் முழுக்கக் கிருமியோடு மாரடிக்கணும்" என்று பயமுறுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையைப் பற்றிய பயத்தில் நியாயம் இருக்கிறது. கிருமி பயம் அந்த அளவுக்குத் தேவையில்லை.

இளங்கலை லேபில் பெரும்பாலும் கையாளுவது ஈஸ்ட்டும், நோய் உண்டாக்காத ஈ.கோலை வகைகளும்தான். பிள்ளைகள் அடிபடுவது சூட்டிலும் ரசாயனத்திலும். ஆவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரி செல்சியஸில், 15 பவுண்ட் அழுத்தத்தில், 15 நிமிடம் ஓடும். அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வருவதற்குள் அவசரப்பட்டு ஆவியை வெளியே விட்டால், கிருமி வளர்க்கக் குடுவையில் வைத்திருக்கும் அகர் பொங்கி வழியும்; மூடியையும் திறந்தால் கையும் முகமும் வெந்துபோகும். டிஎன்ஏ தெரிய ஜெல்லில் கலக்கும் எத்திடியம் புரோமைடு, மரபணுவையே மாற்றக்கூடியது. நைட்ரைல் கையுறை போடாமல் அதைத் தொடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே கையுறையோடு செல்போனை எடுப்பதும் கதவைத் திறப்பதும்தான் வழக்கமாக நடக்கும் தப்பு.

இனி வேலை. மருந்துப் பக்கம் இந்தத் துறை அசைக்க முடியாதது. 1982 முதல் மனித இன்சுலினைப் பாக்டீரியாவே தயாரித்துத் தருகிறது. பிறந்த குழந்தைக்குப் போடும் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி ஈஸ்ட்டில் உருவாவது. பயிர்ப் பக்கம் கதை வேறு. பூச்சியை எதிர்க்க மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு 2002-இல் அனுமதி கிடைத்தது. பி.டி. கத்தரிக்காயை 2010-இல் மத்திய அரசு நிறுத்திவைத்தது, இன்னும் வரவில்லை. மரபணு மாற்றுக் கடுகு உச்ச நீதிமன்றத்தில் சிக்கிக்கொண்டது. ஓர் அரசு முடிவில் ஒரு துறையின் வேலைகளே முடங்கலாம். வேளாண் பயோடெக் பக்கம் ஆசை இருந்தால் இதைத் தெரிந்துகொண்டே போகட்டும்.

உங்கள் ஊர்ப் பக்கமே ஒரு பயோடெக் இருக்கிறது. கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்பது பாக்டீரியாதான்; அங்கே மேலும் சுத்தமாக்கிய நீர் மணலி ஆலைகளுக்குப் போகிறது. ஆலைகளின் கழிவுநீர் லேபில் 27 டிகிரியில் 3 நாள் வைத்து பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்ஸிஜன் அளவு) பார்க்க ஆள் வேண்டும். ஆனால் அந்த வேலைக்கு வேதியியல் படித்தவர்களும் வரிசையில் நிற்பார்கள்.

பட்டம் மட்டும் போதாத துறை இது. பி.எஸ்சி. 3 வருடம், அதன்மேல் எம்.எஸ்சி. 2 வருடம் என்று கணக்கு வையுங்கள். பி.டெக். என்றால் 4 வருடம், அதற்குப் பிறகும் பெரும்பாலும் எம்.டெக். தேவைப்படும். எம்.எஸ்சி.க்கு ஜாம், காட்-பி என்று நுழைவுத் தேர்வுகள் உண்டு. காட்-பியின் முதல் பகுதியில் பிளஸ் டூ அளவு கணிதமும் இயற்பியலும் கட்டாயம், தப்பான விடைக்கு மார்க் குறையும். பி.எஸ்சி. சேர்ந்ததும் கணிதப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போடும் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். ஆராய்ச்சிக்குப் போய் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அதுவரை வீடு தாங்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பி.டெக். கட்-ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியலில் சென்டம் வாங்கியிருந்தாலும் கட்-ஆஃபில் சேராது, பயோடெக்குக்கும் அப்படித்தான். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடும், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

கல்லூரி பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். டிஎன்ஏவைப் பெருக்கும் பி.சி.ஆர். மெஷின் ஒன்றுக்கு எத்தனை மாணவர், மாணவர்களே ஜெல் ஓட்டுகிறார்களா அல்லது ஆசிரியர் செய்து காட்டுவதோடு சரியா, கடைசி செமஸ்டர் புராஜெக்ட் எங்கே செய்தார்கள் என்று கேளுங்கள். காசு கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்கியவர் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்விக்கே மாட்டிக்கொள்வார். சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் தாவரவியல், விலங்கியல் பாடங்களின் பெயரோடும் பயோடெக்னாலஜி ஒட்டியிருக்கும். அது தனி பயோடெக் பட்டம் ஆகாது. மேற்படிப்புத் தகுதியில் அது செல்லுமா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

முதல் பட்டம் முடிந்ததும் சம்பளம் வந்தே ஆக வேண்டிய வீடு என்றால், என் யோசனை எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்). ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை லேபுக்கு எடுப்பது அந்தப் படிப்பைத்தான், பி.எஸ்சி. பயோடெக் அதற்கு ஈடாகாது. இந்த வித்தியாசம் தெரியாமல் சேர்ந்து, பிறகு ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் வந்து விசாரிப்பவர்கள் நிறைய. எம்.எல்.டி.க்கு விண்ணப்பம் பொறியியல் கலந்தாய்வில் வராது. துணை மருத்துவப் படிப்புகளுக்கு மருத்துவத் தேர்வுக் குழு தனியாக அறிவிக்கும், கடைசி தேதியும் வேறு. இரண்டுக்கும் போட்டு வையுங்கள், மார்க்கும் கலந்தாய்வும் வந்த பிறகு ஒன்றை விடலாம்.